படம் அப்படியேதான் இருக்கிறது

2024 ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. தேர்தல் நேரத்தில் பெரிய நடிகர்களின் படங்கள் எதுவும் வரவில்லை, தியேட்டர்கள் காற்றாடிக்கொண்டிருந்தன. மறுநாள், 20ஆம் தேதி, தரணி இயக்கிய ‘கில்லி’ மறுபடி திரைக்கு வந்தது. 2004 ஏப்ரலில் வெளியாகி இருபது ஆண்டுகள் ஆகியிருந்த படம். தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. தெலுங்கு ‘ஒக்கடு’வின் தமிழாக்கம் என்பதால் அந்தக் கதை 2004லேயே புதிதல்ல. அப்படியிருந்தும் அரங்குகள் நிரம்பின. முத்துப்பாண்டி பேசவேண்டிய வசனத்தைப் பிரகாஷ்ராஜ் வாய் திறப்பதற்குள் கூட்டம் சொல்லி முடித்தது. பாட்டுக்குத் திரை முன்னால் போய் ஆடினார்கள். அந்தக் கோடையில் தியேட்டர்காரர்களைத் தூக்கி நிறுத்தியது ஒரு பழைய படம். அதற்கு முன்பு 2012இல் ‘கர்ணன்’, 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’, 2023இல் ‘வேட்டையாடு விளையாடு’ என்று வந்தவற்றின் வரிசை, 2025இல் ‘கேப்டன் பிரபாகரன்’ வரை நீண்டிருக்கிறது. சென்னை அண்ணாநகரில் ஒரு திரையில் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ ஆயிரம் நாட்களைத் தாண்டி ஓடியிருக்கிறது.

இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம் ஏக்கம் என்பதுதான். நடுவயதைத் தொட்டவர்கள் தொலைந்துபோன இளமையைத் தேடி வருகிறார்கள், அந்தப் பலவீனத்தைத் தயாரிப்பாளர்கள் காசாக்குகிறார்கள் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். ஏக்கம் இருப்பது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, பதினெட்டு வயதில் பார்த்த படத்தை ஐம்பது வயதில் பார்க்கிறவருக்கு நேர்வது ஏக்கத்தோடு நிற்பதில்லை. அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை எதற்குச் சிரித்தான், எதற்குக் கைதட்டினான், யாருடைய வலியைக் கவனிக்காமல் விட்டான் என்பதெல்லாம் அவர் கண்முன் வந்து நிற்கிறது. தன் இளமையைத் தானே விசாரிக்க நமக்குக் கிடைத்திருக்கும் இடங்கள் மிகச் சில. பழைய படம் ஓடும் பேட்டைத் தியேட்டர் அவற்றில் ஒன்று. அதனால்தான் அந்தப் படமும் சிதையாமல் கிடைக்க வேண்டும், அந்தத் தியேட்டரும் பிழைத்திருக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை வாதிடுகிறது.

ரீரிலீஸ் என்று புதுப்பெயர் வைத்துப் பேசுவதால் இது ஏதோ இந்தத் தலைமுறையின் மோகம் போலத் தெரிகிறது. உண்மையில், தமிழர்கள் படம் பார்த்த வழக்கமான முறையே இதுதான். எண்பதுகள் வரை ஒரு படத்துக்குப் போடப்பட்ட பிரதிகள் குறைவு. சென்னையில் மவுண்ட் ரோடு தியேட்டர்களிலும் மதுரை, கோவை, திருச்சி போன்ற பெரிய ஊர்களிலும் முதல் ஓட்டம் முடியும். பிறகு அதே பெட்டி சிறு நகரங்களுக்குப் போகும். அங்கே ஓடி முடித்தபின் கீற்றுக் கொட்டகைக்கு. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று விநியோகஸ்தர்கள் பிரித்தது இந்தப் பயணத்தைத்தான். சென்னை நகரம், செங்கல்பட்டு–ஆற்காடு, திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி, சேலம், கோவை என்று ஏரியா ஏரியாவாக உரிமை விற்றார்கள். சென்னை மீரான் சாகிபு தெருவில் இருந்த விநியோக அலுவலகங்களிலிருந்து தகரப் பெட்டிகள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறின. முதல் ஓட்டம் முடிந்தும் படம் சாகவில்லை. எம்.ஜி.ஆர். படம் போட்டால் கையைக் கடிக்காது என்பது கொட்டகைக்காரர்களின் நம்பிக்கை. புதுப்படம் கிடைக்காத வாரத்தில் ‘நாடோடி மன்ன’னையோ ‘எங்க வீட்டுப் பிள்ளை’யையோ போட்டு வாரத்தை ஓட்டினார்கள். 1961இல் ‘பாசமலர்’ பார்த்து அழுத ஒருவர், கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு தங்கை குடும்பத்தோடு அதே படத்தை உள்ளூர்க் கொட்டகையில் பார்ப்பது சாதாரணமாக நடந்தது. படம் வாழ்க்கையில் இரண்டு மூன்று முறை எதிர்ப்பட்டது. ஒவ்வொரு முறையும் பார்த்தவரின் வயது வேறாக இருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில் டிஜிட்டல் திரையிடல் வந்து, நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் படம் வெளியாகும் வழக்கம் நிலைத்தது. இன்று ஒரு தமிழ்ப் படத்தின் தியேட்டர் ஆயுள் இரண்டு மூன்று வாரம். நான்கு வாரத்தில் ஓ.டி.டி.க்குப் போய்விடுகிறது. பிலிம் பிரதிகளும் போய்விட்டன. இப்படி அறுந்துபோன ஒரு வழக்கத்தைத்தான் ரீரிலீஸ் தட்டுத்தடுமாறி மீட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த வழக்கம் ஏன் முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வயதானவர்களிடம் பழையதைச் சொல்லச் சொன்னால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே அதிகம் வந்து விழுகிறது என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்ட உண்மை. அந்த வயதில் பார்த்த படமும் கேட்ட பாட்டும் பின்னால் வந்தவற்றைவிட ஆழமாகத் தங்கிவிடுகின்றன. ஆனால் தங்கியது அப்படியே தங்குவதில்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே இதைக் காட்டினார். ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமில்லாததை விட்டார்கள், பழக்கமானதைச் சேர்த்தார்கள். சேர்த்ததும் கதையில் இருந்ததுதான் என்று நம்பினார்கள். நினைவுகூர்வது என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்றார் அவர். நம் இளமையைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளும் இப்படி நாற்பது வருடம் மெழுகி மெழுகி மாறியவைதான். அதைச் சரிபார்க்க வெளியே ஏதாவது சாட்சி வேண்டும். கூடப் படித்த நண்பனின் நினைவும் அவனளவில் மாறியிருக்கும். பிறந்த தெரு இடித்துக் கட்டப்பட்டிருக்கும். படம் மட்டும் ஒரு ஃபிரேம்கூட மாறாமல் நின்று, நாம் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று காட்டுகிறது.

1986இல் வந்த ‘மௌன ராக’த்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் கல்லூரியில் இருந்தவர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர் மனோகர், கார்த்திக் செய்த பாத்திரம். காபிக் கடையில் காதலியின் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் காட்சியை நடித்தே காட்டுவார்கள். படம் முழுக்க அவர்தான் என்பதுபோல் பேசுவார்கள். ஆனால் திரையில் மனோகர் வருவது நடுவே ஒரு முன்கதையில் மட்டும். பதிவுத் திருமணத்துக்கு வரும் வழியில் போலீஸ் குண்டு பாய்ந்து இறந்துவிடுகிறார். மீதிப் படம் முழுவதும் அவர் காதலித்த திவ்யாவும் அவள் கணவன் சந்திரகுமாரும்தான். பெண் பார்க்க வந்த நாளில் வேண்டுமென்றே மழையில் ஆடிவிட்டுத் தாமதமாக வீடு திரும்பியவள், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் வேறு வழியில்லாமல் கழுத்தை நீட்டியவள், கல்யாணத்துக்குப் பின் டெல்லியில் என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்டதும் விவாகரத்து வேண்டும் என்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடமாவது ஆகவேண்டும் என்கிறார் வழக்கறிஞர். அந்த ஒரு வருடம்தான் படம். இளம் வயதில் பார்த்தவர்களுக்கு மோகனின் சந்திரகுமார் சாதுவான, சற்றே அலுப்பூட்டும் ஆளாகத் தெரிந்தார். விடாமல் பின்தொடர்ந்து சம்மதம் வாங்கிய மனோகர் கதாநாயகனாகத் தெரிந்தார். மறுபடி பார்க்கும்போது தராசு சாய்கிறது. தொடாதே என்று சொன்ன மனைவியைத் தொடாமல், தன் காயத்தையும் மறைக்காமல், ஒரே வீட்டில் வாழும் மனிதனின் கண்ணியத்தைப் பார்க்கிறோம். ஒரு பெண்ணின் மறுப்பை ஒருவன் மதிக்கிறான், இன்னொருவன் கரைத்தே தீர்வேன் என்று நிற்கிறான். இரண்டையும் மணிரத்னம் அருகருகே வைத்திருந்தார். நாம் பாதியைத்தான் பார்த்தோம். மனோகருக்கு வயதாகும் வாய்ப்பே கிடைக்கவில்லை, சந்திரகுமாருக்குக் கிடைத்தது. அவரைப் புரிந்துகொள்ளப் பார்வையாளருக்கும் கொஞ்சம் வயதாக வேண்டியிருந்தது.

மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 1978இல் வந்தது. காளி மின்நிலையத்தில் வின்ச் ஓட்டுபவன். அப்பா அம்மா இல்லாமல் தங்கையை வளர்த்தவன், முரடன், யாருக்கும் தலைவணங்காதவன். புதிதாக வந்த இன்ஜினியரோடு மோதுகிறான். குடித்துக் கிடந்த இரவில் லாரி ஏறிக் கையை இழக்கிறான். அந்த இன்ஜினியர் தங்கையை மணக்கக் கேட்கும்போது ரோஷத்தில் மறுத்து, அவளுக்குப் பொருந்தாத இன்னொருவனை நிச்சயம் செய்கிறான். எழுபதுகளின் இளைஞர்கள் காளியோடு நின்றார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. அதிகாரிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் தொழிலாளியைத் திரையில் பார்ப்பதே அவர்களுக்கு ஒரு வெற்றியாக இருந்தது. ரஜினிகாந்த் அதை அவ்வளவு உண்மையாகச் செய்திருந்தார். நாற்பது வருடம் கழித்துப் பார்க்கிறவரின் கண் தங்கை வள்ளியின் மேல் தங்குகிறது. கடைசிக் காட்சியில் அண்ணி மங்காவும் ஊராரும் சூழ அவள் இன்ஜினியரை மணக்கப் போகிறாள். எதிரே அண்ணன் தனியாக நிற்கிறான். கூட்டத்தை விட்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் சம்மதிக்கிறான். அப்போதும் இன்ஜினியரைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டே அனுப்புகிறான். வள்ளியாக நடித்த ஷோபா அந்த இடத்தில் அதிகம் பேசுவதில்லை. பாலுமகேந்திராவின் கேமரா அந்த முகத்தை விடுவதில்லை. அண்ணனின் ரோஷம் தோற்காமல் இருக்க ஒரு தங்கை தன் வாழ்க்கையையே பணயம் வைக்கிறாள் என்பது அந்த முகத்தில் எழுதியிருக்கிறது. அன்று காளியின் வெற்றிக்குக் கைதட்டிய கை, இன்று வள்ளி கொடுத்த விலைக்காகச் சற்றே தயங்குகிறது. இந்தத் தயக்கத்தை ஏக்கம் என்று எப்படிச் சொல்வது? தன் இருபது வயதின் நியாயத்தையும் குறையையும் ஒருசேரப் பார்க்கும் நிதானம் இது.

இதற்கெல்லாம் தியேட்டர் எதற்கு, இரண்டு படமும் வீட்டிலேயே கிடைக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டில் பார்ப்பதில் உள்ள சிக்கல் திரையின் அளவு மட்டுமல்ல, கையில் இருக்கும் ரிமோட்டும்தான். நாம் பிடித்த பாட்டுக்குத் தாவுகிறோம், பிடித்த வசனத்தை இரண்டு முறை கேட்கிறோம், மீதியை ஓட்டிவிடுகிறோம். அதாவது நினைவு ஏற்கெனவே பொறுக்கி வைத்திருக்கும் துண்டுகளையே மறுபடி பொறுக்குகிறோம். சாட்சியை விசாரிக்க வந்தவர் தனக்குச் சாதகமான பதிலை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனால் என்ன விசாரணை அது? தியேட்டரில் தாவ முடியாது. மறந்துபோன காட்சிகளும், அன்றைக்கு முறுக்கு வாங்க எழுந்துபோன காட்சிகளும் நம்மைக் கடந்துதான் போயாக வேண்டும். அதோடு, பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று அரங்கமே அதிர்ந்து சிரித்த நகைச்சுவைக்கு இன்று பாதிப்பேர் சிரிக்காமல் இருப்பதை அங்கேதான் உணர முடியும். கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்து திருத்தும் காட்சிகள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எத்தனை! அன்று அவற்றுக்கு விசில் கிடைத்தது. இன்று அதே காட்சியில் முன்வரிசையில் விசிலும் பின்வரிசையில் முணுமுணுப்பும் சேர்ந்து எழும்போது, நம் ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது, எவ்வளவு மாறவில்லை என்பது இரண்டும் ஒரே நொடியில் காதில் விழுகிறது. தனியாகக் கைப்பேசியில் பார்க்கிறவருக்கு இந்தச் செய்தி கிடைக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தியேட்டரில் கழிந்த இளமை என்று பேசுகிறோமே, அது யாருடைய இளமை? ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் எழுதிய நூலில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கொடுத்த காசு என்றும் சுட்டிக்காட்டினார். கோயிலுக்குள்ளும் சபாக்களுக்குள்ளும் போக முடியாதவர்கள் நாலணா கொடுத்து நுழைந்த இடம் அது என்பதால், அதன் மீதுள்ள பற்று வெறும் பொழுதுபோக்குப் பற்று அல்ல. அதே சமயம், காசும் ஓர் அடுக்குதான். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று கொட்டகை நாலாகப் பிரிந்திருந்தது. பெண்களுக்கோ முற்றிலும் வேறு கதை. கிராமத்துக் கொட்டகையில் தடுப்பின் அந்தப் பக்கம் அவர்கள் உட்கார்ந்தார்கள். நகரத்தில் மேட்னி ஷோவுக்கு அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ துணைக்கு வந்தால் போகலாம். முதல் நாள் முதல் காட்சி அநேகமாக ஆண்களுக்கானது. செகண்ட் ஷோ குடும்பத்தோடு மட்டும். வயதுக்கு வந்த பிறகு படம் பார்ப்பதே நின்றுபோன பெண்கள் எத்தனையோ பேர். ஆக, தியேட்டர் நினைவு என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் பையன்களின் நினைவு. இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதனாலேயே பழைய படங்கள் மறுபடி தியேட்டருக்கு வருவது இன்னும் அவசியமாகிறது என்பேன். ‘கில்லி’யைச் சின்னத்திரையில் மட்டுமே பார்த்த அம்மாக்கள் மகளோடு வந்து பெரிய திரையில் முதல்முறை பார்த்தார்கள் என்றால், அது அவர்களுக்கு மீட்பு அல்ல, தாமதமாகக் கிடைத்த பங்கு. ஐம்பது வயதில் ஒரு பெண் கூட்டத்தோடு சேர்ந்து விசிலடிப்பதை ஏக்கம் என்ற ஒரு சொல்லில் அடக்குகிறவர்கள், அவளுக்கு அன்று மறுக்கப்பட்டதை மறந்துவிடுகிறார்கள்.

இளைஞர்கள் ஏன் வருகிறார்கள் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ 2010இல் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களும், ‘கர்ணன்’ 1964 பொங்கலுக்கு வந்தபோது பிறந்தே இராதவர்களும் மறுவெளியீட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு மீட்க இளமை எதுவும் இல்லை, இளமையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தேடி வருவது அப்பா சொல்லக் கேட்ட அரங்கத்தை. சிவாஜி தேரோடு சாயும் காட்சியில் அரங்கம் முழுக்க மூச்சடங்கி இருப்பதைத் தொலைக்காட்சி அவர்களுக்குக் கொடுக்கவில்லை. விளம்பரங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்த்த ஒன்று முழுப் படமாக விரிவதை அவர்கள் அங்கேதான் காண்கிறார்கள். அப்பாவின் இளமையை அப்பா சொன்ன கதையில் மட்டுமே அறிந்த பிள்ளை, அப்பாவை உருவாக்கிய படத்தை நேரில் பார்த்துச் சொந்தமாகத் தீர்ப்பு சொல்லும் இடமும் அதுதான். தீர்ப்பு சில சமயம் கடுமையாக இருக்கும், இருக்கட்டும்.

வியாபாரக் கணக்கைப் பேசுகிறவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நட்சத்திரத்தின் பிறந்தநாள் வந்தால் ஒரு பழைய படம் வருகிறது. செலவு குறைவு, விளம்பரத்தை ரசிகர் மன்றம் பார்த்துக்கொள்கிறது. ஆண்டுக்கு இருநூறுக்கும் மேல் தமிழ்ப் படங்கள் தயாராகும் நிலையில், ஒரு சிறிய புதுப்படத்துக்குக் கிடைக்க வேண்டிய திரையைப் பழைய வெற்றிப் படம் எடுத்துக்கொண்டால் அது அநியாயம். வெள்ளிக்கிழமை காலைக் காட்சியோடு தூக்கப்படும் புதிய இயக்குநரின் படத்தை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தச் சிறிய படத்தை நசுக்குவது பெரும்பாலும் பழைய படம் அல்ல. ஒரே நேரத்தில் கிடைத்த திரைகளையெல்லாம் வாரிக்கொள்ளும் பெரிய புதிய படம்தான். 2024 ஏப்ரலைப்போல, கையில் படம் இல்லாத வாரங்களில் வரும் மறுவெளியீடு தியேட்டரின் மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் கட்ட உதவுகிறது. அந்தத் தியேட்டர் திறந்திருந்தால்தான் அடுத்த வாரம் சிறிய படத்துக்கும் இடம் கிடைக்கும். நான் குறைசொல்ல வேண்டியது வேறொன்று: ஒரே நான்கைந்து நடிகர்களின் வெற்றிப் படங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘உதிரிப்பூக்க’ளும் ‘அவள் அப்படித்தா’னும் பெரிய திரையைக் காணாமல் கிடக்கின்றன.

படத்தை மாற்றி வெளியிடும் வழக்கம்தான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிறது. 2002இல் வந்த ‘பாபா’ 2022இல் திருத்தப்பட்டு வந்தது. நீளத்தைக் குறைத்தார்கள், புதிதாக வசனம் சேர்த்தார்கள். படைப்பாளிகளே செய்ததால் அதைக்கூட விட்டுவிடலாம். 2025 ஆகஸ்டில் நடந்தது வேறு வகை. 2013இல் வந்த ‘ராஞ்சனா’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவு மாற்றப்பட்டு வெளியானது. மூலப் படத்தில் இறந்துபோகும் நாயகன் இதில் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகனாக நடித்த தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். படைப்பாளியின் உரிமை ஒருபுறம் இருக்க, பார்வையாளருக்கும் இதில் பெரும் நஷ்டம். இருபது வயதில் அந்த மரணத்தைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் முப்பத்திரண்டு வயதில் தன்னை அளந்துபார்க்க வரும்போது, அளவுகோலையே மாற்றிக் கொடுக்கிறார்கள். உரிமைப் பத்திரம் கையில் இருக்கிறது என்பதற்காக ‘மௌன ராக’த்தில் மனோகரைப் பிழைக்க வைக்க நாளைக்கு ஒருவர் துணிந்தால் யார் தடுப்பது? பழைய படத்தின் மதிப்பு அது மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. நிறத்தை மீட்கலாம், ஒலியைத் துலக்கலாம். கதையில் கை வைக்கக் கூடாது.

மாறாமல் இருப்பதற்கு முதலில் படம் மிச்சமிருக்க வேண்டுமே. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ஐம்பதுகளின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிப்பது. பின்னால் வந்த வகை தீப்பிடிக்காது, ஆனால் ஈரத்திலும் வெயிலிலும் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும். ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் பச்சையும் நீலமும் கலந்த சாயம் முதலில் வெளிறிப்போகிறது. அதனால்தான் எண்பதுகளின் கொட்டகையில் பார்த்த ‘கர்ண’னின் ஆகாயம்கூடச் செக்கச்செவேல் என்று இருந்தது. ரீலின் தொடக்கமும் முடிவும் முதலில் கிழியும். ஆபரேட்டர் கிழிந்ததை வெட்டி ஒட்டுவார், ஒட்டும் ஒவ்வொரு முறையும் சில ஃபிரேம் போகும். கடைசியில் வசனம் பாதியில் தாவும், பாட்டு சரணத்தில் தொடங்கும். நெகட்டிவைத் தேடி எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகக் கீறலை நீக்கி, நிறத்தைச் சரிசெய்து 2012 மார்ச்சில் ‘கர்ண’னை வெளியிட்டபோது அது நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் வெள்ளி விழா கண்டது. உழைத்துச் செய்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

படம் மிச்சமிருந்தும் தியேட்டர் இல்லையென்றால் பயனில்லை. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் இன்று இல்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் போய்விட்டது, சாலைக்கு மட்டும் அந்தப் பெயர் இருக்கிறது. சென்னையில் 1961இல் திறந்த சாந்தி 2016இல் மூடப்பட்டது. 1967இன் அகஸ்தியா 2020இல். 1983இன் உதயம் 2024இல். 1985இன் ஸ்ரீ பிருந்தா 2025இல். பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் அசோக் நகரிலும் நடந்தே போய்ப் படம் பார்த்தவர்கள் இனி மால் வாசலில் பார்க்கிங் கட்டணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும். மனையின் விலை டிக்கெட் வருமானத்தை எப்போதோ தாண்டிவிட்டது. உரிமையாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்பவற்றைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்க வேண்டும்.

நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஒற்றைத் திரை தியேட்டர்கள் வாரத்தில் ஒரு பகல் காட்சியைப் பழைய படத்துக்கு ஒதுக்கி, அந்த நூறு ரூபாய்க்குள் விற்கலாம். அப்படி ஓட்டும் காட்சிகளுக்கு உள்ளாட்சி கேளிக்கை வரியை மாநில அரசு முழுவதுமாக விலக்கலாம். அரசுக்கு அதில் பெரிய இழப்பு வராது. நெகட்டிவ் வைத்திருக்கும் தயாரிப்பாளர் குடும்பங்கள் அவற்றைக் குடோனில் வைத்து வீணாக்காமல், புணேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதியையாவது ஒப்படைக்க வேண்டும். முடிவை மாற்றி வெளியிடுவதற்கு இயக்குநரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று சங்கங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் பேட்டைத் தியேட்டரில் அடுத்த முறை பழைய படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தால் போய்ப் பாருங்கள். அந்தப் படம் முதலில் வந்தபோது உங்களுக்கு இருந்த வயதில் இப்போது இருக்கும் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். இடைவேளையில் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.